பழைய வீட்டை இடிப்பதா, பிரிப்பதா? மிஞ்சுகிற ஓடு, மரம், செங்கலை என்ன செய்வது?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்பக்கம் திண்ணை, நடுவில் முற்றம், சுற்றிலும் சீமை ஓட்டுக் கூரை, ஒரே ஒரு அறைக்கு மட்டும் மரச்சரம் (வரிசையான குறுக்கு மரங்கள்) போட்ட மச்சு, அதாவது தட்டையான தளம். பின்கட்டுச் சுவர் மழையில் சரிந்துவிட்டது. அம்மாவுக்கு அங்கேயே சின்னதாக ஒரு வீடு கட்டித் தர வேண்டும், அதனால் பழையதை எடுத்தாக வேண்டிய நிலை.

இடிப்பு காண்டிராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். "ஜேசிபி வைத்து ஒன்றரை நாளில் தரைமட்டம் ஆக்கித் தருகிறேன். சாமான் எல்லாம் எனக்கு, மேல்கொண்டு உங்களுக்குக் கையில் ஒரு தொகை தருகிறேன்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நிலைக்கதவைத் தட்டிப் பார்த்த விதத்தையும், உத்திரத்தை அண்ணாந்து பார்த்த விதத்தையும் கவனித்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. நமக்குத் தெரியாத மதிப்பு அவருக்குத் தெரிகிறது.

ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். மங்களூர் பேசல் மிஷன் என்றும் 1865 என்றும் அச்சு இருக்கிறது. நூற்றைம்பது வருட ஓடா இது? இந்த வீட்டுச் சாமானில் எதைப் புது வீட்டுக்குப் பயன்படுத்தலாம், எதை விற்கலாம், எதைத் தொடவே கூடாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிவில்காரி

காவிரிக்கரை சார், முதலில் அந்த ஓடு. 1865 என்பது பேசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறித்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். அதைத்தான் அச்சில் போட்டார்கள், ஓடு சுட்ட வருடம் இல்லை. உங்கள் வீட்டு வயதோ அதைவிடக் கொஞ்சம் கூடவோதான் அந்த ஓட்டுக்கு இருக்கலாம். அதனால் அதன் தரம் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்தது செங்கல். சுவர் எதனால் கட்டியது என்று பாருங்கள். சுண்ணாம்புக் காரையா, சிமெண்டா? ஓர் ஆணியால் இணைப்பைச் சுரண்டினால் தெரிந்துவிடும். சுண்ணாம்பு என்றால் வெளுப்பாக, பொடியாக உதிரும். சுண்ணாம்பில் கட்டிய கல்லைச் சுத்தியலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டினாலே காரை விட்டுவிடும், கல் முழுசாகக் கையில் வரும். சிமெண்டில் கட்டியதைத் தட்டினால் சிமெண்ட் விடாது, கல்தான் உடையும். ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய வீடுகளில் செங்கல் திரும்பக் கிடைக்கிறது, இப்போது கட்டுகிற வீடுகளில் கிடைப்பதில்லை என்றால் இதுதான் காரணம். இன்று நாம் கட்டுவதை நம் பேரப்பிள்ளைகள் பிரிக்கவே முடியாது, உடைக்கத்தான் முடியும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

எடுத்த கல்லை மூன்று விதமாகப் பாருங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று சத்தம் வர வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. பத்துக் கல்லை நன்றாகக் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி எடை போடுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால் அந்தக் கல் சுவருக்கு வேண்டாம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை இருந்த கல்லில் உப்புப் பூத்திருக்கும். அதை எவ்வளவு கழுவினாலும் புதுச் சுவரில் மறுபடி பூக்கும், பூச்சைத் தள்ளிவிடும். அதைத் தனியாக ஒதுக்குங்கள்.

கொத்தனார்வீட்டுப்பிள்ளை

அண்ணா, எங்க அப்பா நாற்பது வருடம் கொத்தனார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். அந்தக் காலத்தில் ஓட்டு வீட்டை "இடிக்கிறோம்" என்று சொல்ல மாட்டார்களாம், "பிரிக்கிறோம்" என்றுதான் சொல்வார்களாம். கட்டின வரிசைக்குத் தலைகீழாகப் பிரிக்க வேண்டும்.

முதலில் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அப்புறம் கதவு, ஜன்னல் பலகைகளைக் கீலோடு கழற்றி உள்ளே வைக்காமல் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். பிறகு முகட்டு ஓடு, அதிலிருந்து கீழ்நோக்கி மற்ற ஓடுகள். மேலே இரண்டு பேர், ஏணியில் ஒருவர், கீழே ஒருவர் என்று கைமாற்றி இறக்க வேண்டும். மேலிருந்து சறுக்கிவிட்டால் பத்துக்கு நாலு போய்விடும். இறக்கிய ஓட்டைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், அடியில் இருப்பது வெடித்துவிடும். சுவரோரமாகச் சாய்த்து நிறுத்தி அடுக்குங்கள். அடுத்து ரீப்பர் (ஓடு உட்காரும் மெல்லிய சட்டம்), கைமரம் (ரீப்பரைத் தாங்கும் சாய்வு மரம்), கடைசியில் உத்திரம். சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக இறக்கினால் வாசல் நிலை தானாக விடுபடும். கடப்பாரை போட்டு நிலையை நெம்பினால் மூலைப் பொருத்து பிளந்துவிடும். பொருத்து பிளந்த நிலைக்கு வெறும் விறகு விலைதான்.

மச்சு அறைதான் ஆபத்து. சரங்களுக்கு மேலே சின்னச் செங்கலை நெட்டுக்குத்தாக வைத்துச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். அதை நடுவில் நின்று உடைக்கக் கூடாது. சரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஓரத்திலிருந்து பட்டை பட்டையாக எடுக்க வேண்டும், ஆள் நிற்க மேலே பலகை போட வேண்டும். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் இதில்தான் இடுப்பொடிந்து கிடந்தார். இந்த ஒரு அறைக்காவது விவரம் தெரிந்த ஆளை வையுங்கள் அண்ணா.

பொருநை

எல்லோரும் நல்லதே சொல்கிறீர்கள், நான் பட்டதையும் எழுதுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம். 2019-ல் எங்கள் பழைய வீட்டை இதே ஆசையோடு பிரித்தேன். ஆள் கூலி மட்டும் பதினெட்டு நாள் ஓடியது. பழைய கல் ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒன்று நீளம், ஒன்று தடிமன். கொத்தனார் மட்டம் பார்த்தே பாதி நாளைக் கழித்தார். இணைப்பில் கலவை தடிமனாகப் போனதால் சிமெண்ட் கூடுதலாகச் செலவானது. மரத்தை வண்டி வைத்து மில்லுக்குக் கொண்டுபோனால், உள்ளே ஆணி இருக்கிறது, வாள் போய்விடும் என்று அறுக்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால் புதுக் கல்லுக்கும் பழைய கல்லுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

பழையது என்றாலே மிச்சம் என்று நினைத்து இறங்காதீர்கள். நேரமும் கூட நிற்க ஆளும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

சிவில்காரி

பொருநை சார் சொல்வது முழுக்க உண்மை. எல்லாவற்றையும் திரும்பச் சுவரில் ஏற்றப் பார்ப்பதில்தான் கணக்கு உதைக்கிறது. என் யோசனை இது: பூசப் போகிற உள்சுவருக்கும் மதிலுக்கும் மட்டும் நல்ல முழுக்கல். அரைக்கல், முக்கால் கல்லை நடைபாதைக்கும் துவைக்கிற இடத்துக்கும் நெட்டுக்குத்தாகப் பதிக்கலாம். அதற்கும் ஆகாத துண்டுகளை வீசாதீர்கள், அதில்தான் எனக்கு அதிக ஆசை. நன்றாக வெந்த துண்டுகளை முக்கால் அங்குல அளவுக்கு உடைத்தால் செங்கல் ஜல்லி. நீர்த்த சுண்ணாம்போடு கலந்து புது வீட்டு மொட்டைமாடிக்குச் சுர்க்கி போடலாம். பொதுப்பணித் துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்கு 12.5 பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. போட்ட பிறகு மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அம்மாவின் வீட்டுக்குக் கோடையில் இது எவ்வளவு குளிர்ச்சி என்பதை அனுபவித்தால்தான் தெரியும்.

ஓடு மிஞ்சினால் இன்னொரு வழி. கூரைக்கு உதவாத, லேசாக மூலை உடைந்த ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்துச் சேர்த்து, கம்பிகளுக்கு நடுவில் வைத்துக் கான்கிரீட் போடுவது உண்டு. ஃபில்லர் ஸ்லாப் என்பார்கள். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் நிறைய வீடுகளில் செய்து பரப்பிய முறை. தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்கு இழுவையைத் தாங்கும் வேலை அதிகம் இல்லை, அதைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஓடு உட்கார்ந்தால் கான்கிரீட் மிச்சம், எடை குறைவு, ஓடுகளுக்கு நடுவே இருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஓட்டை நன்றாக ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கான்கிரீட்டின் தண்ணீரை ஓடு குடித்துவிடும். கம்பி இடைவெளியை ஓட்டின் அளவுக்கு ஏற்ப ஓர் இன்ஜினியர் வரைந்து தராமல் இதில் இறங்காதீர்கள்.

கொத்தனார்வீட்டுப்பிள்ளை

பொருநை அண்ணன் சொன்ன ஆணி விஷயத்துக்கு: பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி மரத்தின் மேல் இழுத்துப் போங்கள். ஆணி இருக்கிற இடத்தில் ஒட்டும், சாக்பீஸால் வட்டம் போட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். அப்படிக் காட்டினால் எங்கள் ஊர் மில்லில் அறுத்துத் தருகிறார்கள். சுவருக்குள் இருந்த உத்திரத்தின் இரண்டு முனைகளையும் கட்டாயம் தட்டிப் பாருங்கள். நடுவில் இரும்பு மாதிரி இருக்கும், முனை ஓர் அடிக்குச் செல்லரித்தோ உளுத்தோ இருக்கும். அதை வெட்டிவிட்டால் மீதி மரம் முத்து.

வேளச்சேரிவாசி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். உங்களிடம் மாட்டுக்கொட்டகை இருக்கிறதா சார்? அதன் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? அப்படி இருந்தால் அதை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுவிடும். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்குங்கள். ஜேசிபி அதன் மேல் ஏறவே கூடாது. உடைந்த துண்டுகளைத் தரையில் நிரப்புவதும் கூடாது. பழைய கதவின் பெயிண்டைச் சுரண்டும்போதும் அப்படித்தான். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு இருக்குமோ. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் ஈரத்தோடு தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சென்னை நிலவரத்தையும் சொல்கிறேன். இங்கே ஒரு குளியலறையை மாற்றினாலே நாற்பது மூட்டை ரப்பீஸ் (இடிபாடு) வரும். லாரிக்காரரிடம் காசு கொடுத்தால் ராத்திரியில் கொண்டுபோய் எங்கோ ஏரிக்கரையில் கொட்டிவிடுகிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் வளர்ந்தவள் நான். அது 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தோம். அதே ஓரத்தில் உடைந்த டைல்ஸும் கம்மோடும் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

2016-ல் வந்த கட்டிட இடிபாட்டுக் கழிவு விதிகளே சாலையிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. அந்த விதிகளின்படி ஒரு நாளில் 20 டன்னோ அதற்கு மேலோ, அல்லது ஒரு வேலைக்கு மாதம் 300 டன்னோ அதற்கு மேலோ வந்தால் கான்கிரீட், மண், இரும்பு, மரம், செங்கல் என்று பிரித்தும் கொடுக்க வேண்டியிருந்தது. மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதை அரைத்துச் சலிக்கும் ஆலைகள் உள்ளன. 1913-க்குப் பேசினால் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்வார்கள்.

பொருநை

அப்படி அரைத்த ஜல்லியை யார் வாங்குவார்கள்? வீட்டுக்குப் போடலாமா?

சிவில்காரி

போடலாம், அளவோடு. கான்கிரீட் ஜல்லி, மணலுக்கான ஐஎஸ் 383 என்ற இந்தியத் தரக்குறிப்பை 2016-ல் திருத்தியபோது இதற்கு இடம் கொடுத்தார்கள். கம்பி இல்லாத கான்கிரீட்டில் பெரிய ஜல்லியில் கால் பங்கு வரை, கம்பி போட்டதில் எம்25 என்ற வலுத் தரம் வரைக்கும் ஐந்தில் ஒரு பங்கு, அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கான்கிரீட்டில் முழுக்கவே பயன்படுத்தலாம். பழைய சிமெண்ட் ஒட்டியிருப்பதால் இந்த ஜல்லி தண்ணீரை அதிகம் இழுக்கும், முன்கூட்டியே நனைத்துவிட வேண்டும். கிராமத்தில் தனி வீட்டுக்கு இதைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் இடிபாட்டையே பேஸ்மட்டம் நிரப்பப் பயன்படுத்துங்கள், ஆனால் அதிலிருந்து மரத்துண்டு, சிம்பு, தென்னங்கீற்று எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு. ஒரு துண்டு மரம் உள்ளே போனால் கரையானுக்கு நாமே வீட்டுக்குள் வழி போட்டுக் கொடுத்த மாதிரி. அரை அடி அரை அடியாக நிரப்பி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும்.

புதுமனை

எங்களுக்கு வேறு மாதிரி சிக்கல். போன மாதம் வீடு முடிந்தது. 14 மூட்டை சிமெண்ட், ஏறக்குறைய 60 கிலோ கம்பித் துண்டுகள், மூன்று பெட்டி டைல்ஸ், பாதி வாளி எமல்ஷன் மிச்சம். மேஸ்திரி எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார். மனசு வரவில்லை, வழி சொல்லுங்கள்.

சிவில்காரி

சிமெண்டைத்தான் முதலில் கவனியுங்கள், மற்றது காத்திருக்கும். மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் இருக்கும். மூன்று மாதம் தாண்டினால் சோதிக்காமல் தளம், தூண் போன்றவற்றுக்குப் போடக் கூடாது. பொதுவாக மூன்று மாதத்தில் வலு ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்றுதான் கணக்கு வைப்போம். தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, பாலித்தீன் போர்த்தி வையுங்கள். உங்கள் தெருவில் யார் வீடு கட்டுகிறார்கள் என்று இன்றே விசாரித்துக் கொடுத்துவிடுங்கள். கட்டி தட்டிவிட்டால், விரலால் அழுத்தி உதிராத கட்டியைச் சலித்துத் தள்ளிவிட்டு மீதியைப் பாத்தி கட்ட, கொல்லைத் தரை போடப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான்.

கம்பித் துண்டுகளைக் கடைக்குப் போடும் முன் நீளவாரியாகப் பிரியுங்கள். 12 மில்லி கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 8 மில்லி 0.395 கிலோ. இரண்டு மூன்று அடித் துண்டுகளில் சாக்கடை மூடி, தொட்டி மூடி, அலமாரித் தட்டு எல்லாம் வார்க்கலாம். ஆனால் துண்டுகளை ஒட்டவைத்து பீமுக்குப் போடாதீர்கள். கம்பியின் விட்டத்தைப் போல் ஐம்பது மடங்கு மேல்மடிப்பு (இரண்டு கம்பியும் சேர்ந்து போகும் நீளம்) வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 12 மில்லிக்கே இரண்டு அடி அதிலேயே போய்விடும். வளைத்ததை நிமிர்த்தித் திரும்பப் போடுவதும் கூடாது, வளைந்த இடம் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

டைல்ஸில் ஒரு பெட்டியை விற்காதீர்கள். ஐந்து வருடம் கழித்து ஒன்று உடைந்தால் அதே நிறம் எங்கும் கிடைக்காது. மீதியைக் கடைக்காரர் பெட்டி பிரிக்காமல் இருந்தால் சில சமயம் திரும்ப எடுத்துக்கொள்வார். வெள்ளை நிறம் என்றால் உடைத்து மொட்டைமாடியில் சில்லுப் பதிக்கலாம்.

யாழ்பனை

வணக்கம். நான் யாழ்ப்பாணம். உங்கட இழையை மூன்று நாளாக வாசிக்கிறேன், ஒன்று எழுத வேண்டும் போல இருந்தது. எங்கட ஊரில் பனங்கைமரமும் சிலாகையும் (நீங்கள் ரீப்பர் என்பது) தான் கூரை. முதிர்ந்த பனையின் கறுப்பு வைரம் (கெட்டியான மரப்பகுதி) தாத்தா காலத்தில் போட்டது இன்னும் அப்படியே நிற்கிறது. யுத்தத்தில் இடம்பெயர்ந்த நேரம் வீட்டுக் கூரையைக் கழற்றி, ஓட்டையும் கதவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன குடும்பங்கள் பல. எங்கட வீடும் அப்படித்தான். வன்னியில் ஒரு கொட்டிலுக்கு அந்தக் கதவுதான் வாசல். திரும்பி வந்து சுவர் எழுப்பினபோது அதே கதவைத்தான் போட்டோம், சீமெந்து மட்டும் புதிது. மரத்தைக் கழற்றும்போது ஒவ்வொன்றிலும் எண் எழுதி, ஒரு தாளில் வரைந்து வையுங்கோ. நாங்கள் அவசரத்தில் எழுதேல்லை, திரும்பப் பூட்டும்போது பட்ட பாடு கொஞ்சமில்லை.

வேளச்சேரிவாசி

யாழ்பனை, அந்தக் கதவைப் பற்றிப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடு முதலான பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். 1996-ல் திறந்த இடம். காவிரிக்கரை சார் ஒரு நடை போய்ப் பார்த்தால் எந்த மரம் எதில் உட்காருகிறது என்று விளங்கும். விற்பதாக இருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் விலை விசாரித்துவிட்டு அப்புறம் காண்டிராக்டரிடம் பேசுங்கள்.

காவிரிக்கரை (ஏழு மாதம் கழித்து)

எல்லோருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காண்டிராக்டரிடம் பேசி, கூரையும் மரமும் நாங்கள் பிரித்துக்கொள்வது, நின்ற சுவரில் உப்புப் பூத்த அடிப்பாகமும் அஸ்திவாரமும் மட்டும் அவர் ஜேசிபியில் எடுப்பது என்று முடித்தோம். கையில் வரவேண்டிய தொகை வரவில்லை, மேலே கொஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. பிரிக்க பதினொரு நாள் ஆனது. மச்சுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம். முட்டுக் கொடுத்து அவர் இறக்கியதை ஊரே நின்று பார்த்தது.

ஏறக்குறைய 2,400 ஓட்டில் 1,900 முழுசாகக் கிடைத்தன. இரண்டாம் நாள் பிற்பகல் மழை வந்து அவசரப்பட்டதில்தான் பாதி உடைசல். நான்கு உத்திரத்தில் ஒன்று உள்ளே முழுக்கச் செல்லரித்திருந்தது, தட்டியபோது நன்றாகத்தான் சத்தம் கேட்டது. மற்ற மூன்றில் முனை வெட்டி, காந்தம் வைத்து ஆணி பிடுங்கி, மில்லில் அறுத்ததில் புது வீட்டுக்கு நான்கு ஜன்னல் சட்டமும் சமையலறை அலமாரியும் ஆகிவிட்டன. கொட்டகை ஷீட்டை நனைத்து முழுசாக இறக்கி, போர்த்தி, தனியாக வைத்திருக்கிறேன். பொருநை சார் சொன்னது போலவே செங்கல்லில் எனக்கு லாபம் இல்லை. மதிலும் நடைபாதையும் அதில்தான் கட்டினேன், அதற்காக வருத்தமும் இல்லை. சுர்க்கி போட ஆள் தேடித்தான் அலைந்தேன். கடைசியில் பக்கத்து ஊரில் ஆறு பெண்கள் கிடைத்தார்கள், ஐந்து நாள் கட்டையால் அடித்தார்கள்.

வாசல் நிலையை அம்மாதான் பிடிவாதமாகக் கேட்டார். அதில் என்னுடைய உயரத்தையும் தங்கையின் உயரத்தையும் அப்பா கத்தியால் கீறிய கோடுகள் இருக்கின்றன. தச்சர் இழைப்புளி போடும்போது அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னோம். புது வீட்டில் தரை அரை அடி உயர்ந்துவிட்டதால் நிலையின் காலைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. நாற்பது ஐம்பது அரை ஓடு இன்னும் கொல்லையில் கிடக்கிறது. கிணற்றடியில் பதித்தால் பாசி பிடித்து வழுக்குமா?

கொத்தனார்வீட்டுப்பிள்ளை

வழுக்கும் அண்ணா, அங்கே வேண்டாம். செடிப் பாத்திக்கு ஓரம் கட்டுங்கள், அரை அடி மண்ணுக்குள் போகட்டும். நிலை போட்டோ இருந்தால் போடுங்கள், அப்பா பார்க்க வேண்டும் என்கிறார்.